பொங்கல் கழித்து வரும் அத்தை

பிரிந்துபோன பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், அந்தக் காலத்தில் ஜனங்கள் முதலில் என் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். தாலி இருக்காது. உனக்கே கல்யாணம் ஆகவில்லை, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்ற கேள்வி கண்ணிலேயே தெரியும். சிலர் வாய்விட்டே கேட்டார்கள். பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் இருந்தே ஆகவேண்டுமா என்று நானும் திருப்பிக் கேட்பேன். எனக்கு மூக்கின்மேல் கோபம், இன்றைக்கும் அப்படித்தான்.

அறுபதுகளின் கடைசியில் இந்த வேலையில் இறங்கினேன். என் பேராசிரியருக்குக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிய குடும்பங்கள் வேண்டும். தேடிப் பார்த்தால் கோர்ட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களும் வீட்டுக்குள் விடமாட்டார்கள், கௌரவம் போய்விடுமாம். ஆனால் மெட்ராஸை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால் கோர்ட்டே தேவையில்லாத விவாகரத்து இருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில், புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துவரவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி ஆகவில்லை என்றால் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவான். அவ்வளவுதான், தீர்ந்தது. பெண்ணுக்குப் பிற்பாடு வேறு கல்யாணம் செய்துவைக்கவும் தடை இல்லை. பட்டணத்தில் படித்தவர்கள் வருஷக்கணக்கில் வக்கீலோடு மல்லுக்கட்டியதை இவர்கள் ஒரு காலைப்பொழுதில் முடித்தார்கள். பிள்ளைகள் பாடு என்ன ஆகிறது என்பதுதான் என் வேலை.

வடக்குப்பட்டில் ஒரு சிறுமி. நான் முதலில் பார்த்தபோது அவள் ஒன்றாம் வகுப்பு. தாம்பரத்தில் பஸ் மாறி, படப்பை தாண்டி ஒரகடத்தில் இறங்கி நடந்து போவேன். இன்று அந்த வழியெல்லாம் கம்பெனி மதில். அன்று வேர்க்கடலைக் கொல்லை. அம்மாவும் மகளும் தாய்மாமன் வீட்டில் இருந்தார்கள். மாமன் பம்புசெட் வைத்து விவசாயம் பார்த்தவர், வாய்த்துடுக்கு அதிகம், மனசு நல்லது. அப்பன்காரன் துரும்பு கிள்ளியதோடு நிற்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது கொடு என்று பெரியவர்கள் கேட்டதற்கு, அது என் பிள்ளையே இல்லை என்று சபையில் சொல்லிவிட்டு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டான். கொடுக்க மனமில்லாமல் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்ன சொல் ஊரில் தங்கிவிட்டது. அந்த அம்மா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை; முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

வருஷத்துக்கு ஒருமுறை அதே பிள்ளைகளை, அதே மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஆராய்ச்சியின் முறை. பொங்கல் கழித்து அறுப்பு முடியும் நேரம் எனக்குத் தோதாக இருந்தது. வீடு வரையச் சொல்வேன், படம் காட்டிக் கதை சொல்லச் சொல்வேன், தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரிப்பேன். பேராசிரியர் கண்டிப்பானவர். போ, கேள், எழுது, வா என்பார். அங்கே சாப்பிடாதே, எதையும் கொடுக்காதே, வாங்காதே, உறவு கொண்டாடாதே. அந்த அம்மா வருஷா வருஷம் தட்டு வைத்துவிட்டு, 'ஒரு வாய் துண்ணுட்டுப் போங்க டீச்சரம்மா' என்பாள். நான் வயிறு சரியில்லை என்பேன். பட்டினியோடு ஒரகடம் வரை நடந்து, அங்கே டீக்கடையில் பன் வாங்கித் தின்பேன். என்ன பிழைப்பு இது என்று எனக்கே தோன்றும்.

எழும்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் அறை எனக்கு. வார நாட்கள் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மற்றப் பெண்களைப் பார்க்க யாராவது வருவார்கள். கீழே வாட்ச்மேன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். என் பேரை அவன் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அண்ணன் டெல்லியில். அவன் பிள்ளைகளுக்கு நான் சொந்த அத்தை. ஆனால் அதுகள் என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிடும், பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரியையும் அப்படித்தான் கூப்பிடும். தனியாக இருப்பது பழகிவிடும் என்பார்கள். சுத்தப் பொய். பழகவே இல்லை.

என் கேள்விகளில் ஒன்று, அப்பா வழியில் யாராவது வந்து பார்க்கிறார்களா என்பது. முதல் இரண்டு வருஷம் அந்தச் சிறுமி இல்லை என்றாள். மூன்றாம் வகுப்புக்கு அப்புறம் பதில் மாறியது. வராங்க, அத்தை வராங்க என்றாள். அம்மாவிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆமாம், வருஷத்துக்கு ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்றாள். எப்போது என்றேன். பொங்கல் கழித்து என்றாள். அப்படியானால் நான் வரும் சமயம்தான், ஒரு நாள் நேரில் பார்க்கலாமே என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை படித்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

அது மட்டுமா? இந்தச் சிறுமி மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகத் தேறிவந்தாள். வகுப்பில் பேசினாள், தூக்கத்தில் பயப்படவில்லை, அவள் வரையும் வீட்டில் ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். தகப்பன் வழியில் ஒரே ஒரு உறவு விடாமல் வந்து போனாலும் பிள்ளை தாக்குப்பிடிக்கிறது என்று நான் ஒரு கருத்தரங்கில் போய்ப் பேசினேன். கை தட்டினார்கள். அன்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. யார் அந்தப் புண்ணியவதி, பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். சிறுமி பத்தாவது முடித்து, தையல் கற்றுக்கொண்டு, வளர்ந்த பெண்ணாகிவிட்டாள். அந்த வருஷம் பொங்கல் கழித்து நான் போனபோது வீட்டில் வெளியாட்கள். தண்டலத்துப் பக்கமிருந்து ஓர் அம்மாளும் அவள் ஓரகத்தியும் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் அம்பத்தூரில் கம்பெனி வேலை, ஷிப்டு, ஓ.டி. எல்லாம் உண்டாம். பெண்ணைப் பார்த்துப் போக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் வாசலிலிருந்தே திரும்பிவிடப் பார்த்தேன். அதற்குள் பையனின் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான பொண்ணுக்கு அத்தை? பொங்கல் கழிச்சா வந்துடுவாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. உங்களப் பாக்கணும்னுதான் இந்த வாரமாப் பாத்து வந்தோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். தீர்த்துவிட்ட குடும்பம் என்பதில் அவளுக்கு ஒன்றும் இல்லையாம், அவள் தங்கைக்கே அப்படித்தானாம். அந்த ஆள் சபையில் பேசின பேச்சுதான் அவள் காதுக்கும் வந்து சங்கடப்படுத்திவிட்டதாம். பிறகு, அவனோடு கூடப்பிறந்தவள் வருஷம் தவறாமல் வந்து பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டதும் மனசு ஆறியதாம்.

"ரத்தம் இல்லாமயா இவ்ளோ தூரத்துலருந்து வருவாங்க? அதான் நேர்லயே பாத்துட்டமே. மூக்கே சொல்லுது, அப்படியே உங்க மூக்கு."

பெண் காப்பித் தட்டோடு நடையில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா சுவரோடு சுவராக நின்றாள். மாமன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வராங்க, அத்தை வராங்க என்று இத்தனை வருஷமாக இந்தப் பெண் என்னிடமே என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சம்பந்தம் போவது மட்டும் இல்லை. அப்பன் சொன்னது நிஜம்தான், இல்லாவிட்டால் ஏன் பொய் அத்தை என்று ஊர் கேட்கும். அந்தப் பேச்சை அப்புறம் அழிக்கவே முடியாது.

ஆமாம், நான்தான் அத்தை என்றேன். காப்பியை எடுத்துக் குடித்தேன். அந்த வீட்டில் என் வாயில் பட்ட முதல் பொருள் அதுதான்.

அவர்கள் போனபிறகு பெண் என்னோடு ஒரகடம் வரை நடந்து வந்தாள். கேள்வி கேட்பது என் தொழில். அன்று நான் கேட்காமல் அவளே ஆரம்பித்தாள்.

"மூணாங்கிளாஸ் படிக்கச்சொல்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு, உங்க அப்பா உன்னிய தன் புள்ளையே இல்லன்னுட்டாராமேன்னு. அன்னிக்கின்னு பாத்து நீங்க தெருவுல வந்துகினு இருந்தீங்க. அதோ எங்க அத்தை, எங்க அப்பா கூடப் பொறந்தவங்கன்னு கையக் காட்டிட்டேன். அதுக்கப்பறம் யாரும் கேக்கல."

நான் திட்டுவேன் என்று பயந்தாளாம். அடுத்த வருஷம் நான் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பொங்கல் வந்தாலே வாசலில் வந்து நின்றுவிடுவாளாம். நான் தெருமுனையில் தெரிந்த பிறகுதான் சோறு இறங்குமாம். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்காக ஒருத்தி வருஷா வருஷம் வாசலில் காத்திருந்திருக்கிறாள். நான் அது தெரியாமல், விடுதியில் யாரும் வரவில்லை என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேரில் என்னை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். என்னை ஒருதரம் உறவு சொல்லிக் கூப்பிடேன் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, அத்த என்றாள்.

ஆராய்ச்சியிலிருந்து அவளை எடுத்துவிட்டேன். உறவு கொண்டாடியாகிவிட்டதே, இனி எந்த முகத்தோடு கேள்வி கேட்பது? கருத்தரங்கில் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. வந்துபோன அத்தைதான் பொய்யே தவிர பிள்ளை தேறியது நிஜம்.

கல்யாணம் நிச்சயமானது. அப்போதுதான் மாமன் எழும்பூருக்கே வந்தார். விடுதி வாசலில் வாட்ச்மேன் உள்ளே விடாததால், வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். சிக்கல் இதுதான். கல்யாணம் முடிந்தால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உறவுக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட வேண்டும். மெட்ராஸ் அத்தை கூப்பிடாமல் இருக்க முடியாது. ஆண்பிள்ளை வாசல்படி ஏற முடியாத இந்த விடுதிக்கா கூப்பிடுவது? அப்புறம் அத்தைக்குப் புருஷன் எங்கே, பெண்ணின் அப்பனான அண்ணனோடு ஏன் பேச்சு இல்லை, அவன் எந்த ஊரில் என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும்.

"கல்யாணத்துலயே கோச்சிக்கினு பூடுங்க டீச்சரம்மா," என்றார் மாமன். "அப்பன் வூட்டு ஜனம் கோச்சிக்காத கல்யாணம் எங்க கீது? மரியாத பத்தலன்னு நாலு வார்த்த பேசிட்டு எழுந்து போயிட்டீங்கன்னா, அதுக்கப்பறம் ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

சிரித்துவிட்டேன். எத்தனை கெட்டிக்காரத்தனம்! எனக்குக் கோபப்படச் சொல்லித்தர வேண்டுமா என்ன என்று அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் போனபிறகுதான், என்னை ஒரேயடியாகப் போகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்பது மனசில் இறங்கியது.

கல்யாணம் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. நான் ஒரு பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அத்தை என்று சொல்லி முன்னால் உட்காரவைத்தார்கள். யார் யாரோ வந்து சொந்தம் கொண்டாடினார்கள். ஒரு குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அதன் தாய் எங்கோ போய்விட்டாள். அது என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. தாலி கட்டும்போது நானும் அட்சதை போட்டேன். இப்படியே சாப்பிட்டுவிட்டு, ஓரமாக ஒரு பாயில் படுத்து, சாயங்காலம் போனால் என்ன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மாமன் கண்ணைக் காட்டினார். பேசி வைத்திருந்தபடி சந்தனத் தட்டு என்னைத் தாண்டித் தாய்வழிக்காரர்களிடம் போயிற்று. நான் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தேன். அப்பா வீட்டு மனுஷி என்றால் இளக்காரமா, சந்தனம் கொடுக்கக்கூட ஆளில்லையா என்று ஆரம்பித்தேன். இவ்வளவுதான் திட்டம். இத்தோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வாய் நிற்கவில்லை.

"இத்தனை வருஷமா வந்து போறேன். ஒரு நாள் இங்கேயே இருந்துட்டுப் போன்னு யாராவது சொன்னீங்களா? நான் போற இடத்துல எனக்கு யார் இருக்காங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மாமன் பதிலுக்குக் கத்த வேண்டியவர், கத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடு சாப்பிடு என்று வருஷா வருஷம் தட்டு வைத்த அந்த அம்மா தலைகுனிந்தாள். நியாயமே இல்லாத பேச்சு, எனக்கும் தெரியும். ஆனால் அதில் நடிப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

பையனின் அம்மாதான் ஓடி வந்தாள். பாவம், அவளுக்குத் திட்டம் ஒன்றும் தெரியாது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தப்பு நடந்துபோச்சு, எனக்காகப் பொறுத்துக்குங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டு எங்க வீட்டுக்கு வாங்க என்று கெஞ்சினாள். யாரும் என்னை அப்படிக் கெஞ்சியதில்லை. கையை உதறிக்கொள்ள எவ்வளவு சிரமப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். மணையில் பெண் குனிந்து தேம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. கோபித்துப் போகிறவள் சொல்லிக்கொண்டு போவாளா? பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஒரகடத்தில் தாம்பரம் பஸ் தயாராக நின்றது. நான் ஏறவில்லை. கோபித்துக்கொண்டு போகிற உறவை யாராவது பின்னாலேயே வந்து சமாதானம் சொல்லி அழைத்துப் போவதுதான் வழக்கம். யாரும் வரக்கூடாது என்று பேசி வைத்ததில் நானும் ஒருத்தி. இருந்தும் வடக்குப்பட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல பசி. அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. வெயில் தாழ ஆரம்பித்தபிறகு வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

அதற்கடுத்த பொங்கல் கழித்து நான் எங்கும் போகவில்லை. மற்றப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், ஆராய்ச்சியும் முடிந்தது. சில வருஷங்கள் கழித்துத் தாம்பரம் பஸ் நிலையத்தில் மாமனைப் பார்த்தேன். கையில் உர மூட்டை. பெண் நன்றாக இருக்கிறாள், ஒரு ஆண், ஒரு பெண், அம்பத்தூரிலேயே சொந்தத்தில் வீடு பார்க்கிறார்கள் என்றார். மாமியார் தங்கமாம். எந்த விசேஷம் என்றாலும் முதலில் அத்தைக்குச் சொன்னீர்களா என்றுதான் கேட்பாளாம். பேத்திக்குக் காது குத்தியபோது, காலில் விழுந்தாவது கூட்டி வரலாம், வீடு எங்கே என்று சொல்லுங்கள், நானே போகிறேன் என்று ஒரே பிடிவாதமாம்.

"அந்தம்மா ராங்கிக்காரி, இன்னும் கோவமாத்தான் கீதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் நல்லபடியா ஆயிடுச்சு, வேணும்னா கோவம் ஆறிப்போச்சின்னு சொல்லி மெதுவா இந்தப் பேச்ச முடிச்சிடட்டுமா டீச்சரம்மா என்று கேட்டார்.

பஸ் கிளம்ப விசில் கொடுத்துவிட்டார்கள். என் கோபம் இருக்கிறவரைக்கும்தான் அங்கே ஒருத்தி என்னைத் தேடிக்கொண்டிருப்பாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்," என்றேன். "ஆறிப்போச்சுன்னு மட்டும் என்னைக்கும் சொல்லிடாதீங்க."